ஓர்னெல்லா எந்தப் பக்கம்?

ஓர்னெல்லா பால்தஸ்ஸீனி யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்பது இத்தாலியில் எங்கள் சிற்றூரான போந்தெரூஸ்கோவில் யாருக்கும் தெரியாது. அவள் கணவன் ஸீரியோவைக் கேட்டால், சைக்கிள் கடைக்குள் இருந்தபடியே கத்துவான்: "முப்பத்தோரு வருஷமா ஒரே வீட்ல குடித்தனம் பண்றேன், எனக்கே சொன்னதில்ல. என்கிட்ட வந்து கேக்கறீங்களே!" அவளுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்பதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவாள். ஆனால் கடைசி வரிசையில், கதவோரமாக, கோட்டைக் கழற்றாமல் உட்காருவாள். மே முதல் தேதி ஊர்வலத்துக்கும் வருவாள். ஆனால் நடைபாதையில்தான் நடப்பாள், தெருவில் இறங்க மாட்டாள்.

அவளுடைய அப்பா சிவப்புக் கட்சிக்காரர். அம்மா சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்தவள். சின்ன வயதில் மேயர் என்ன பேசினார் என்று அம்மா கேட்டாலும், பாதிரியார் என்ன பேசினார் என்று அப்பா கேட்டாலும், "நல்லாத்தான் பேசினாரு, கொஞ்சம் நீளம்" என்று ஒரே பதிலைச் சொல்லித் தப்பித்தவள் அவள். மற்ற ஊராக இருந்தால் இப்படிப்பட்டவளை மதில் மேல் பூனை என்று ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் பட்டறையில் அதையே அவளுக்கு உத்தியோகமாகக் கொடுத்துவிட்டார்கள்.

வால்செரானி கம்பெனியின் கைப்பைகளை மிலானில் வரைகிறார்கள், இங்கே நாங்கள் தைக்கிறோம். நான் தோலின் வெட்டு விளிம்புகளுக்குச் சாயம் பூசுகிறவன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை, இதே மேஜை. எனக்கு அடுத்த மேஜை ஓர்னெல்லாவுடையது. நான் வருவதற்கு முன்னால் அவள் தையல் சரிபார்க்கிறவளாக இருந்தாள். ஒரு வருஷம் மிலானிலிருந்து புதுப் பூட்டு ஒன்று வந்தது. வளைந்த கொக்கி, அதன் குறுக்கே விழும் குட்டைத் தாழ்ப்பாள். திறந்திருக்கும்போது ஒன்றுமில்லை. மூடினால் அசல் அரிவாள் சுத்தியல். எங்கள் தொழிற்சங்கத் தலைவன் லோரிஸ் அதைக் கையில் எடுத்து முத்தமிட்டு, "கடைசில பணக்காரிங்க தோள்லயே ஏறி உக்காந்துட்டோம்டா!" என்று குதித்தானாம். ஓர்னெல்லா தொலைபேசியை எடுத்து மிலானுக்குச் சொல்லிவிட்டாள். பூட்டு போயிற்று. லோரிஸ் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

மறு வருஷம் இரண்டு வார்கள் பையின் முன்பக்கம் குறுக்கே ஓடின. பார்க்க வந்த பாதிரியார் தோன் ஜெர்வாஸியோ, "அடடா, சிலுவை மாதிரி எவ்வளவு லட்சணமா இருக்கு" என்று உருகினார். அதையும் ஓர்னெல்லா நிறுத்தினாள். அவர் ஒரு மாதம் அவள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மிலானிலிருந்து உத்தரவு வந்தது: எந்தப் படமும் ஓர்னெல்லாவின் மேஜையைத் தாண்டாமல் தோலில் ஏறக் கூடாது.

அவள் பார்க்கிற விதமே தனி. படத்தைத் தலைகீழாகப் பிடிப்பாள், கண்ணாடியில் காட்டுவாள், மாதிரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் வருவாள். பிறை, நட்சத்திரம், முஷ்டி, கொடி நிறம், எதுவும் தப்பாது. ஒருமுறை இரண்டு இலை சேர்ந்த பூட்டு வந்தது. நான் தமிழ்நாட்டுக்காரன் என்பதால், உன் ஊரில் இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று என்னைக் கேட்டாள். உண்டு என்றேன். சூரியன் போட்டால்? அதுவும் உண்டு. தாமரை? கேட்கவே வேண்டாம் என்றேன். ஓர்னெல்லா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"உங்க ஊர்ல கட்சியில சேராத செடி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"கத்திரிக்காய் இருக்கலாம்" என்றேன். சந்தேகம்தான். அந்தப் பூட்டுக்கு மூன்றாவது இலை முளைத்தது.

இவ்வளவு கண் உள்ளவள் பட்டறையின் சுவரை மட்டும் பார்த்ததே இல்லை. அது அவள் குற்றமில்லை, அநேகமாக எங்களில் யாருமே பார்த்ததில்லை. தோல் வெட்டும் எந்திரத்துக்கு மேலே இரண்டு முழச் சிலுவை. அதற்குப் பக்கத்தில், சரியாக அதே உயரத்தில், பட்டறையின் முதல் தலைமுறைப் பெண்கள் பூவேலை செய்த தொழிற்சங்கத்தின் செங்கொடி. இரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே இருந்தன. வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் இரண்டு பானை ஏறும். விரதக்காரர்களுக்குக் கருவாடு, மற்றவர்களுக்குப் பன்றித் தொத்திறைச்சியும் பீன்ஸும். ஓர்னெல்லா இரண்டிலும் அரைக் கரண்டி வாங்கி, சாயங்காலம்வரை நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருப்பாள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் முதல் தோல் நாள். செப்டம்பரில் புதுப் பருவத்தின் முதல் தோலை வெட்டும்முன் பாதிரியார் வந்து மந்திரிப்பார், தொழிற்சங்கத் தலைவன் சொற்பொழிவு ஆற்றுவான். ஆளுக்கு ஏழு நிமிஷம். யார் முதலில் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். நேரம் பார்ப்பது ஓர்னெல்லா. அவள் கையில் சமையலறை மணிக்கடிகாரம் ஒன்று இருக்கும், தக்காளி வடிவத்தில். அது அடித்தால் ஆமென் பாதியில் நின்றாலும் நின்றதுதான்.

போன வருஷம் ஆகஸ்டில் மிலானிலிருந்து கடிதம் வந்தது. அமெரிக்காவில் எங்கள் பைகளை விற்கிற பெரிய கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம்: இந்தக் கம்பெனி எந்தக் கட்சிப் பக்கமாவது, எந்த மதத்துப் பக்கமாவது சாய்கிறதா? வெளியாள் ஒருவர் ஒவ்வொரு பட்டறையாக வந்து மதிப்பிடுவார். சாய்கிறது என்று அவர் எழுதினால் அந்தப் பட்டறையின் வேலை வடக்கே புதிதாகக் கட்டிய தொழிற்சாலைக்குப் போய்விடும். எங்கள் பட்டறைக்கு அவர் வரும் தேதி செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்த்த ஓர்னெல்லாவுக்கு முகம் வெளுத்தது. அன்றுதான் முதல் தோல் நாள்.

பட்டறையில் அவளைத் தவிர முப்பத்தெட்டு பேர். பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வடக்கே போனால் எங்களை யார் சேர்க்கப் போகிறார்கள்? ஓர்னெல்லா முதலில் லோரிஸிடம் போனாள்.

"இந்த ஒரு வருஷம் பேச்சு வேணாம், லோரிஸ்."

"பாதிரியார் வரமாட்டேன்னு சொல்லட்டும், நானும் விட்டுடறேன்."

பாதிரியாரிடம் போனாள். அவர் மூக்குப்பொடி போட்டுத் தும்மிவிட்டு, "அந்த லோரிஸ் வாயை மூடிக்கட்டும்மா, நான் வீட்லயே படுத்துக்கறேன்" என்றார். எங்கள் ஊரில் இது பழைய பாட்டு. முதலில் விட்டுக்கொடுத்தவன் தோற்றவன் என்பதால் யாரும் முதலில் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியில் ஓர்னெல்லா இருவருக்கும் தனித்தனியே உத்தரவு போட்டாள்: பாதிரியார் அன்று வரவே கூடாது, லோரிஸ் பேசவே கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அவள் நம்பியதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

வியாழக்கிழமை மத்தியானம் சுவரைச் சுத்தம் செய்தோம். சிலுவையை இறக்கினோம், கொடியை இறக்கினோம். இறக்கியதும்தான் விபரீதம் தெரிந்தது. அத்தனை வருஷத் தூசியில் சுவர் பழுப்பாகிக் கிடந்தது. சிலுவை இருந்த இடத்தில் மட்டும் பளீரென்று வெள்ளைச் சிலுவை. முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் பளீரென்று ஒரு கொடி.

"ஐயோ, மூடுங்கடா எதையாவது வெச்சு!" என்றாள் ஓர்னெல்லா.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. லோரிஸ் ஓடிப்போய்ப் பெரிய காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து சிலுவைத் தடத்தின் மேல் மாட்டினான். சமையல்காரி இம்மாகொலாத்தா ஒரு மேஜைவிரிப்பைக் கொண்டுவந்து கொடித் தடத்தின் மேல் ஆணியடித்தாள். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். ஓர்னெல்லாவும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தியாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் வந்தார். பெயர் துல்லியோ ஸாம்பெல்லி. ஐம்பது வயதிருக்கும். குள்ளம், வயிற்று வலிக்காரர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கையில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட தாள்கட்டு. கும்பிடுகள் முடிந்ததும் நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"இது என்ன, சின்யோரா?"

"காலண்டர், தொத்தோர்" என்றாள் ஓர்னெல்லா. படித்தவர் யாரானாலும் இங்கே தொத்தோர்தான்.

"அது தெரியுது. படத்துல இத்தனை பேர் முஷ்டியை உயர்த்திட்டு எங்க போறாங்க?"

அப்போதுதான் பார்த்தோம். அது கூட்டுறவுக் கடை காலண்டர், ஊர்வலப் படம் போட்டது. அவர் அடுத்ததற்கு நகர்ந்தார்.

"இந்த விரிப்புல கொடி பிடிச்ச ஆட்டுக்குட்டி?"

"ஆட்டுக்குட்டிங்க" என்றாள் இம்மாகொலாத்தா.

"தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் இருக்கே."

"நல்ல ஆட்டுக்குட்டிங்க."

அது சர்ச் விருந்துக்கென்று தைத்த விரிப்பு. சிலுவையை மூடப் போய்ச் செங்கட்சி, செங்கொடியை மூடப் போய் ஆண்டவரின் செம்மறி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நாங்கள் ஒரே நாளில் இரண்டு குரங்கு பிடித்திருந்தோம். பொத்தான் துளையில் பிறையைக் கண்டுபிடிக்கிற ஓர்னெல்லா தன் முகத்துக்கு நேரே இருந்ததைப் பார்க்கவில்லை. ஸாம்பெல்லி மெல்ல காலண்டரைத் தூக்கினார். பளீரென்ற சிலுவை. விரிப்பைத் தூக்கினார். பளீரென்ற கொடி. தாளில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார்.

பிறகு ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். தோல் வெட்டுகிறவன் வ்லாதிமிரோ. அவனுடைய அப்பா ரஷ்யப் புரட்சியின் நினைவாக வைத்த பெயர். அவன் அக்காதான் சமையல்காரி இம்மாகொலாத்தா, அமலோற்பவ அன்னையின் பெயர். அவளுக்குப் பெயர் வைக்கும் முறை அம்மாவுடையது.

"ஒரே வீடா?" என்றார் ஸாம்பெல்லி.

"ஒரே வீடுதான், அப்பாவும் அம்மாவும் முறை வெச்சுக்கிட்டாங்க" என்றான் வ்லாதிமிரோ. அதையும் எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு வெளியே கார் நின்றது. தோன் ஜெர்வாஸியோ தோளில் ஸ்தோலாத் துண்டும் கையில் தீர்த்தச் செம்புமாக இறங்கினார். ஓர்னெல்லா வாசலுக்கு ஓடினாள்.

"வரமாட்டேன்னு சொன்னீங்களே, தோன் ஜெர்வாஸியோ!"

"நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்மா."

"செம்போடயா?"

அவர் வந்ததைப் பார்த்ததும் லோரிஸ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். மார்பைச் சுற்றிக் கட்டியிருந்த செங்கொடி வெளியே வந்தது. காலையிலிருந்து அதனால்தான் அவன் குனியவே இல்லை. இருவரும் ஒரே தோலின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் யார் முதலில் என்று ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு பேரின் பிழைப்பு அந்த மேஜை மேல் கிடந்தது. எனக்கு இருவரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

ஓர்னெல்லா ஒரு கணம் ஸாம்பெல்லியைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது, இனி சோறு எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். டிராயரைத் திறந்து தக்காளிக் கடிகாரத்தை எடுத்தாள்.

"தொத்தோர், நீங்க எழுதறதை எழுதிக்கோங்க. நான் என் வேலையைப் பாக்கணும். போன வருஷம் லோரிஸ் முதல்ல. இந்த வருஷம் சாமியாரு. ஏழு நிமிஷம். கொடியை மடிச்சு வை, லோரிஸ், உன் முறை வரைக்கும் அது பேசக் கூடாது."

தோன் ஜெர்வாஸியோ தொடங்கினார். ஆறாவது நிமிஷத்தில் புனிதர்களின் பட்டியலுக்குள் நுழைந்தார். எங்கள் பாதிரியாருக்கு அது பழைய தந்திரம், பட்டியலை யாரும் பாதியில் வெட்ட மாட்டார்கள் என்று நினைப்பு. கடிகாரம் அடித்தது. "போதும்" என்றாள் ஓர்னெல்லா. "இன்னும் ரெண்டே ரெண்டு புனிதர்..." என்றார் அவர். "அவங்க அடுத்த வருஷம் வரட்டும்" என்றாள். பிறகு லோரிஸ். உழைப்பாளிகள், உரிமைகள், முதலாளிகள், மறுபடி உழைப்பாளிகள். கடிகாரம் அடித்தபோது அவன் கை காற்றில் இருந்தது. "நம்முடைய எதிர்காலம்..." என்றான். "முடிஞ்சுது" என்றாள். வ்லாதிமிரோ தோலை வெட்டினான். எல்லோரும் கை தட்டினோம், எப்போதும்போல. கை தட்டியபின்தான் ஸாம்பெல்லி இருப்பது நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டில் அவர் இரண்டு பானையிலும் வாங்கினார். வயிற்றுக்கு ஆகாது என்று ஓர்னெல்லா எச்சரித்தாள். "எனக்கு எதுவுமே ஆகாது, சின்யோரா. அப்போ எதைச் சாப்பிட்டா என்ன?" என்றார். அதுவரை அவர் பேசியதிலேயே மனிதத்தனமான வார்த்தை அதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சரக்கறையில் மேஜை போட்டு எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். ஓர்னெல்லாவை மட்டும் அழைக்கவில்லை. ஆளுக்கு ஒரே கேள்வி, அந்தத் தாள்கட்டின் கடைசிக் கேள்வி. "எது போகலாம், எது கூடாதுன்னு இங்க முடிவு பண்றவங்க எந்தப் பக்கம் சாய்வாங்க? பேரு வெளிய வராது, உண்மையைச் சொல்லுங்க." நான்கு மணிக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஓர்னெல்லா வாசலில் கைகளைப் பிசைந்தபடி நின்றிருந்தாள்.

"முதல் அறுபத்து மூணு கேள்வியிலயும் நீங்க ஃபெயில், சின்யோரா. எந்தப் பட்டறையிலயும் இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்ல."

ஓர்னெல்லா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிக் கேள்வி உங்களைப் பத்தினது" என்று அவர் தாளைப் புரட்டினார். "முப்பத்தெட்டு பேர். நீங்க பாதிரியாரோட ஆள்னு பதினேழு பேர் சொன்னாங்க. நீங்க உள்ளுக்குள்ள அசல் சிவப்புன்னு பதினெட்டு பேர் சொன்னாங்க. சத்தியம் பண்ணித்தான் சொன்னாங்க. மூணு பேர் மட்டும், தெரியாது, ஆளை விடுங்கன்னுட்டாங்க."

அவருடைய கண்ணில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "பதினாறு வருஷமா இதே வேலையா ஊர் ஊராப் போறேன். நடுநிலைன்னு சுவரை வெள்ளையடிச்சு வெச்சிருப்பாங்க. உள்ள இருக்கறவங்க எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் இவ்வளவு சமமா ஒருத்தரைத் திட்டி நான் கேட்டதே இல்ல. என் அறிக்கையில அதைத்தான் எழுதப்போறேன்." அதைச் சொல்லிவிட்டு வயிற்றைத் தடவியபடி காரில் ஏறினார்.

ஓர்னெல்லா காதில் பாதிதான் விழுந்திருக்கும். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "யாரு? முப்பது வருஷமா யாருக்கும் ஒரு நொடிகூட அதிகமாவோ கம்மியாவோ தராமப் பாத்துக்கிட்டு வர்றேன். யாருடா சொன்னது?" என்று பட்டறைக்குள் வந்தாள். லோரிஸ் முதலில் கை தூக்கினான்: "நான் அந்த மூணு பேர்ல ஒருத்தன்." "நானும்தான்" என்றான் வ்லாதிமிரோ. இம்மாகொலாத்தா சத்தியம் செய்தாள். ஐந்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு பேரும் அந்த மூன்று பேராக இருந்தோம்.

ஒரு வாரம் அவள் எங்களோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வலித்தது. அக்டோபரில் மிலானிலிருந்து கடிதம் வந்தது: போந்தெரூஸ்கோ பட்டறை தேறிவிட்டது, வேலை இங்கேயே இருக்கும். லோரிஸ் அதை மேஜை மேல் ஏறி நின்று படித்தான். கத்தினோம், கட்டிப்பிடித்தோம். யாரோ அழுதார்கள். சத்தம் அடங்கட்டும் என்று ஓர்னெல்லா காத்திருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. முப்பத்தஞ்சு பேரு என் மேல அபாண்டமாப் பழி போட்டதாலதான் முப்பத்தெட்டு பேருக்கும் இன்னிக்கு வேலை இருக்கு. இனிமே எவனாவது என்னை நல்லவள்னு சொன்னீங்க, அப்புறம் இருக்கு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. சட்டென்று திரும்பிப் புதுப் படம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் இங்கே ஒன்றை எழுதிவைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் மேஜை மேல் முருகன் படம் ஒன்றை வைத்தேன். "டிராயருக்குள்ள வெச்சுக்கோ, வெளியில வேணாம்" என்றாள். எதிர்ச் சுவரில் இரண்டு முழச் சிலுவை தொங்க, என் விரல் உயர முருகன் மட்டும் கண்ணை உறுத்தினாரா என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்குப் பத்தொன்பது வருஷமாக ஆறவில்லை. ஸாம்பெல்லி கேட்டதும் அதை அப்படியே கொட்டினேன். அந்தப் பதினேழு பேரில் நான் ஒருவன். நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த நியாயத்தால்தான் நானும் இன்றைக்கு அவளுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்டிருக்கிறேன்.